பல்லவன் எழுதிய பகடி

செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் அத்தனை கம்பீரம். அதே பல்லவன்தான் 7-ஆம் நூற்றாண்டில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற கேலி நாடகத்தையும் எழுதினான். கதை சின்னது: காஞ்சிபுரத்தில் ஒரு குடிகாரக் காபாலிகனின் மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. பழி புத்த பிக்குவின் மேல் விழுகிறது. தூக்கிப் போனது என்னவோ நாய்!

எனக்குப் பிடித்தது அதன் மொழி விளையாட்டு. காபாலிகன் சமஸ்கிருதத்தில் சீறுவான். தோழி தேவசோமாவும் பிக்குவும் பிராகிருதத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். நாடகத்தில் வரும் பைத்தியக்காரன் ஒருவனுக்கோ வேறொரு பிராகிருதம், மாகதி. துபாஷி யாருக்கும் வேண்டியதில்லை. மதுக்கடையை யாகசாலையாக வர்ணித்து அந்தக் குடிகாரன் உருகுகிறானே, அது உயர்ந்த சமஸ்கிருதத்தில் வருவதால்தான் சிரிப்பு இரட்டிக்கிறது. (மாமல்லபுரத்துச் சங்குக் கடைக்காரர்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேரம் பேசுவதைக் கேட்டிருந்தால், மன்னன் அவர்களுக்கும் ஒரு வேஷம் கொடுத்திருப்பான்.)

1917-இல் சமஸ்கிருத அறிஞர் கணபதி சாஸ்திரி இந்த நாடகத்தைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். ஆனால் ஏட்டோடு நின்றுவிட்ட நாடகம் இல்லை இது. காஞ்சியின் குடிகாரனைக் கேரளக் கோயில்களில் கூத்துக் கலைஞர்களான சாக்கியார்கள் ஆடிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.