காயீனின் தெரிவும் 'அவன்' என்னும் சுட்டும்

தெரிவு மனிதனுடையது, ஆதலின் விளைவும் அவனுடையதே என்பது யூத அறவியலின் அடிப்படை. தொடக்கநூல் 4:7 இதற்குச் சான்றாகும். கொலைக்கு முன்னரே காயீன் எச்சரிக்கப்படுகின்றான்: வாயிலில் காத்திருக்கும் பாவத்தை ஆளுதல் அவன் கடன்.

எபிரேயத்தில் பாவத்தைக் குறிக்கும் சொல் பெண்பால். அதற்குரிய பயனிலையும் சுட்டும் ஆண்பால். தமிழ்ப் புரோட்டஸ்டண்ட் திருச்சபைகளில் பெருவழக்கிலுள்ள பழைய மொழிபெயர்ப்பு அச்சுட்டை 'அவன்' என்றே பெயர்த்தது. தமிழில் பாவம் அஃறிணை. எனவே 'அவன்' ஆபேலையே சுட்டுவதாகின்றது. மூத்தோன் உரிமை பேசும் உரைமரபும் இப்பொருளுக்கு இடந்தரும். ஆயின், தன்னை ஆள வேண்டியவன் தம்பியை ஆள்பவனாகிவிட, எச்சரிக்கை வாக்குறுதியாகத் திரிகின்றது.

தல்மூத்தின் கித்தூசின் பகுதி (30ஆ) இவ்விடத்தைத் தீய நாட்டத்தை அடக்குதலுக்கே உரித்தாக்குகின்றது. 12ஆம் நூற்றாண்டினரான மைமோனிடிசு, விருப்புரிமை இன்றேல் கட்டளைக்கும் தண்டனைக்கும் பொருளில்லை என நிறுவினார். இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதரான பவுல், உரோமையர் 6இல் பாவம் ஆளலாகாது என்கின்றார். எனினும் அவ்வாற்றலை அருளின் பயனாகக் காண்கின்றார். ஆற்றலின் ஊற்று பற்றியே வேறுபாடு, பொறுப்புப் பற்றியன்று.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் அஃறிணைச் சுட்டை மேற்கொண்டது. இதனால் நிலம் பலன் மறுத்தலும் நாடோடியாய் அலைதலும் காயீன் தானே தேடிக்கொண்ட விளைவுகள் என்பது தெளிவாகின்றது. திணைத் தேர்வும் ஓர் அறத்தேர்வே எனலாம்.