இறங்குங்கள், இது செஞ்சி நாடு!

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வரும் பேருந்துகள் ஒரு பழைய தலைநகரத்தின் மதிலுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறி, எங்கள் கீழ்பென்னாத்தூரைக் கடந்து திருவண்ணாமலை போய்ச் சேர்கின்றன. உள்ளே பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் கைப்பேசியில். வலப்பக்கம் கிருஷ்ணகிரி மலை, இடப்பக்கம் ராஜகிரி மலை, நடுவில் தார்ச்சாலை. எட்டு ஆண்டுகள் முகலாயப் படையைக் காக்கவைத்த கோட்டையை இரண்டு நிமிஷத்தில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது!

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே திண்டிவனம் சாலையில் அரை மணி, முக்கால் மணிப் பயணம்தான் செஞ்சி. ஊருக்குள் போகும் முன்பே கோட்டை வந்துவிடும் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குக் கிடைத்த தனிச் சலுகை. வெளிநாடு போய்வந்த சொந்தக்காரர்கள் ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு முழுவதையும் இரண்டே நாளில் பார்த்த கதையைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொள்வேன். என்னிடமும் ஒரு சின்ன நாடு இருக்கிறது. நாயக்கர் காலத்தில் வடக்கே பாலாறு, தெற்கே கொள்ளிடம் என்று பரந்திருந்த நாடு. 1590களின் கடைசியில் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தான் கண்டவற்றிலேயே பெரிய நகரம் இதுதான் என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறு எந்த ஊரும் இதற்கு ஈடில்லை என்றும் எழுதிவைத்தார். லிஸ்பனோடு போட்டி போட்ட ஊர், ஐயா! இன்று அங்கே பேருந்து நிற்கும்போது மல்லாட்டை விற்கிறார்கள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் ராஜகிரி. விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்; மதியத்துக்கு மேல் மலையேற விடமாட்டார்கள், வெயிலும் விடாது. ஆயிரம் படிக்கு மேல் இருக்கும் என்பார்கள். நான் எண்ணியதில்லை, எண்ணினால் ஏற முடியாது. பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். கோட்டைக்குக் காவல் தெய்வம் இவள்தான். ஆனந்தக் கோன் மதில் எழுப்பினார் என்று சொல்லப்படும் 12ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அம்மன் மட்டும் இடம் மாறவில்லை, திருவிழாவும் நிற்கவில்லை.

அதற்கும் மேலே போனால் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும் இடம் வருகிறது. உச்சிப்பாறை தனியே பிளந்து நிற்கிறது. பிளவு 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் குறுக்கே ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலம். இழுத்துவிட்டால் தீர்ந்தது கதை. கீழே லட்சம் பேர் நிற்கட்டும், மேலே பத்துப் பேர் போதும். சிவாஜி 1677இல் இந்தக் கோட்டையைப் பிடித்ததும் விட்டுவிடாமல் மேலும் பலப்படுத்தியது ஏன் என்று அந்தப் பாலத்தில் நின்றால் புத்தகம் இல்லாமலே விளங்கும். அவருக்குப் பின் மகன் ராஜாராம் மராட்டிய மண்ணை விட்டுத் தப்பி வந்து ஒளிந்ததும் இங்கேதான். 1690இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698 ஜனவரியில். அதற்குள் ராஜாராம் நழுவிப்போய்விட்டார்! அந்த எட்டு ஆண்டும் மராட்டியருக்கு நம் செஞ்சிதான் தலைநகரம். இப்படியொரு செய்தியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு அழுத்திச் சொல்லவில்லையே என்று கோபம் வருகிறது.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கிடங்கு. காற்று ஆளைத் தள்ளும். தெளிந்த நாளில் மேற்கே அண்ணாமலை நீலமாக எழுந்து நிற்கும். குரங்குகள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: மல்லாட்டைப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காதீர்கள்.

கீழே இறங்கியதும் கல்யாண மகால். மாடி மேல் மாடியாகக் கூம்பிக்கொண்டே போகிறது, மேல்மாடி வரை மண்குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே நெற்களஞ்சியம், உள்ளே நின்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். வெங்கடரமணர் கோயிலில் ராமாயணக் காட்சிகள் செதுக்கிய கோபுரவாசல் அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிற விஷயமில்லை. அங்கிருந்த தூண்கள் சில பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயின. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் முன்னால் எத்தனை பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள்! அவை செஞ்சித் தூண்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் 1750 முதல் இருந்த கோட்டை, புதுச்சேரி விழுந்த 1761ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரிடம் போனது. அதன் பிறகு சொல்லும்படியாக அதிகம் நடக்கவில்லை. நடக்காததால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது என் எண்ணம்.

தேசிங்கைச் சொல்லாமல் செஞ்சியைப் பேசினால் எங்கள் பக்கத்தில் சோறு போடமாட்டார்கள். 22 வயதுப் பையன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டையில் விழுந்தான். ராணி உடன்கட்டை ஏறினாள். அவன் ஆண்டது ஓராண்டுகூட இருக்காது. ஆனால் முந்நூறு ஆண்டுகளாகத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் அவன்தான் ராஜா! வென்ற நவாப் என்ன செய்தார் பாருங்கள். கோட்டைக்குள் 1717–18இல் மசூதி கட்டினார், அது இன்னும் நிற்கிறது. அந்த ராணியின் நினைவாக ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் ஓர் ஊரையும் எழுப்பினார் என்பது வழக்கு, அதுதான் ராணிப்பேட்டை. எதிரியின் மனைவிக்கு ஊரையே நினைவுச்சின்னமாக வைத்த கதை வேறெங்கே இருக்கிறது? தேசிங்குக்காக உயிர்விட்ட தோழன் மகமத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி என்று நீலாம்பூண்டியில் ஊர்க்காரர்கள் காட்டுகிறார்கள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே நின்றால் கண் கலங்கும், நான் பொறுப்பல்ல. போருக்குப் போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம் சிங்கவரம் ரங்கநாதர். செஞ்சிக்கு வடக்கே குன்றில் பாறையையே குடைந்து, மலைத்தொடர் போல நீண்டு படுத்திருக்கிறார் பெருமாள். தலை திரும்பியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் மேலே என் மனசுக்குள் முதல் இடம் திருநாதர்குன்றுக்கு. சிறுகடம்பூர் ஓரத்தில் ஒரு சின்னப் பாறைக்குன்று, பெரும்பாலும் ஆளே இருக்காது. ஏறினால் ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. எல்லோரும் ஒரே மாதிரி அமர்ந்திருக்கிறார்கள், ஆனால் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அந்தக் குன்றிலேயே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்லும் நிசீதிகை அது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. தேசிங்கு செத்து விழுந்ததற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது. இன்னொரு கல்வெட்டு 30 நாள் நோன்பிருந்த இளையபடாரரைச் சொல்கிறது. வாளைத் தொடாமலே பேர் நிலைக்க வைத்த இரண்டு பேர்! கோட்டையின் மதில்கள் எல்லாம் சேர்ந்தும் எனக்கு இந்த இரண்டு சின்னக் கல்வெட்டுகளுக்கு ஈடில்லை. சமணம் இங்கே பழங்கதையும் அல்ல. சற்றுத் தள்ளி மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் உயிரோடு இருக்கின்றன. உயர்ந்த ராஜகோபுரம், உள்ளே பூஜை, வாசலில் நம்மைப் போலவே தமிழ் பேசும் நயினார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. அன்றைக்கு எங்கள் தெருவில் நான் இனிப்பு கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்ட பெரியவரிடம் சொன்னேன். "செஞ்சிக் கோட்டையா? அது எப்பவும் அங்கதானேப்பா இருக்கு" என்றார். இனிப்பை மட்டும் இரண்டாக எடுத்துக்கொண்டார்.

அங்கீகாரம் வந்துவிட்டது, இனிக் கூட்டம் வரும். வரட்டும். கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள் என்பதுதான் என் கெஞ்சல். விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் பெருமையோடு பொறித்து வைத்த குகை. பல்லவர் கற்கோயில் கதைக்கே பிள்ளையார்சுழி இங்கேதான் என்பார்கள். வாசலில் தடியூன்றி நிற்கும் இரண்டு காவலர்களின் தோரணையைப் பார்த்தால் உள்ளே போகலாமா என்று நமக்கே சந்தேகம் வரும். அங்கே மதியம் ஆகிவிட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு நேரே பனமலைக்கு விடுங்கள் வண்டியை. ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் தலை சாய்த்து நிற்கும் பார்வதி ஓவியம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினீர்கள் என்று தெரிந்தால் கீழ்பென்னாத்தூர் நிறுத்தத்தில் நானே உங்களை மறித்து, அடுத்த பேருந்தில் திருப்பி ஏற்றிவிடுவேன்.