மருந்து அறையும் மற்ற அறைகளும்

சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகள் சிறுசிறு அறைகளாகச் சிதறிக் கிடப்பது இடம் மிஞ்சிப்போனதால் அல்ல. மருந்து கலக்கும் அறை தனி, செலுத்தும் அறை தனி. உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. பேக்கிங் எல்லாம் எட்டத்தில். நாக்பூரில் உள்ள வெடிபொருள் துறையின் லைசென்ஸுக்குப் போகும் ஆலை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லினக்ஸ் கெர்னலின் டைரக்டரி அமைப்பு சட்டென்று பிடிபட்டுவிடும்.

அங்கே மருந்து அறைக்குப் பெயர் ‘ஆர்ச்’. எந்த பிராசஸர் என்று தெரிந்தால் மட்டுமே எழுத முடிகிற வரிகள், அசெம்பிளி உட்பட, அதற்குள். நினைவகத்தைப் பார்க்கும் ‘எம்எம்’, கோப்புகளைப் பார்க்கும் ‘எஃப்எஸ்’ போன்றவை பெரும்பாலும் பிராசஸரின் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பில் இந்தப் பிரிவினை கிடையாது. 386 பிராசஸர் ஒன்றே உலகம். கீபோர்டுக்கான அசெம்பிளிகூட ‘கெர்னல்’ டைரக்டரியிலேயே கிடந்தது. ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய பிராசஸர்களையும் ஏற்றுக்கொண்டு 1995 மார்ச்சில் 1.2 வந்தபோது ‘ஆர்ச்’ இருந்தது.

நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது ‘ஆர்ச்/எக்ஸ்86/என்ட்ரி’யை. 2015-இல் இங்கோ மோல்னார் பிரித்த அறை. பயனரின் புரோகிராமிலிருந்து கெர்னலுக்குள் நுழையும் வழியைக் கவனிக்கும் கோப்புகள் இங்கே இருக்கின்றன. அதற்கு முன் இவை வேறு பல கோப்புகளுக்கு நடுவே கலந்து கிடந்தன. உள்ளே 64 பிட் கோப்பைத் திறந்தால் ஒரு விசித்திரமான கணம் இருக்கிறது. பயனரின் புரோகிராம் சிஸ்டம் கால் விடுத்துவிட்டது. பிராசஸர் கெர்னலின் அதிகாரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்டாக் இன்னும் பயனருடையது, அதை நம்ப முடியாது. முதல் வேலை, ஜிஎஸ் ரெஜிஸ்டரின் அடிப்படை முகவரியைக் கெர்னலுடையதாக மாற்றும் ‘ஸ்வாப்ஜிஎஸ்’. பிறகு பயனரின் ஸ்டாக் முகவரியை ஓர் ஓரமாக எழுதி வைத்து, தேவைப்பட்டால் பேஜ் டேபிளை மாற்றி, தன் ஸ்டாக்குக்கு வந்து, ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி... அதற்கப்புறம்தான் சி மொழிக்கு வழி விடுகிறது. வரிசை பிசகினால் மொத்த கணினியும் படுத்துவிடும். இப்படிப்பட்ட கோப்புகளுக்கென்று ஒரு வாசல் வைத்ததே பெரிய காரியம்: இங்கே கை வைப்பவர் எங்கே கை வைக்கிறோம் என்று தெரிந்துதான் வைப்பார்.

32 பிட்டையும் 64 பிட்டையும் ஒரே ‘எக்ஸ்86’ ஆக்கியதும் அழகான வேலைதான். 2008 ஜனவரியின் 2.6.24-இல் வந்தது. தாமஸ் கிளெய்க்ஸ்னரும் மோல்னாரும் எதையும் அவசரப்பட்டு ஒட்டவில்லை. முதலில் கோப்புகளை அருகருகே வைத்துப் பெயருக்குப் பின்னால் 32, 64 என்று வால் கட்டினார்கள். ஒரே மாதிரி இருந்தவை பின்னால் நிதானமாக ஒன்று சேர்ந்தன.

எல்லா அறையும் இப்படிச் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ‘ஆர்ம்’ பக்கம் ஒவ்வொரு சில்லுக் குடும்பத்துக்கும் ‘மாக்’ என்று தொடங்கும் ஒரு டைரக்டரியாகப் பெருகியதால், 2011-இல் லினஸ் வாய்விட்டே திட்டினார். சாதன விவரங்களை நிரலிலிருந்து பிடுங்கி ‘டிவைஸ் ட்ரீ’ என்ற தனிக் கோப்புகளில் வைத்த பிறகே அங்கே மூச்சு விட முடிந்தது.

‘ரிஸ்க்-ஃபைவ்’ என்ற பிராசஸர் வகை ‘ஆர்ச்’சுக்குப் பிந்தி வந்த பிள்ளை. அதன் டைரக்டரி நுழைந்தது 2018 ஜனவரியின் 4.15-இல். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ குழு உருவாக்கிய ரைஸ்கிரீக் சில்லு லினக்ஸை ஓட்டிக் காட்டியதும் அதே ஆண்டில்தான்.