நேர்ச்சைப் படமும் கவிஞரின் கையும்

தொலைநாட்டைப் பற்றிக் கனவு காண்பது எளிது; அந்நாட்டு மனிதரின் நெஞ்சத்தை அறிவது அரிது. சர்ரியலிசக் கவிஞர்கள் மெக்சிகோவைக் கண்ட விதத்தை எண்ணும்போது இவ்வுண்மை நமக்குத் தெளிவாகிறது.

முதல் உலகப் போரின் பேரழிவுக்குப் பின், பகுத்தறிவின் ஆட்சியை வெறுத்துக் கனவையும் ஆழ்மனத்தையும் போற்றி எழுந்தது சர்ரியலிசம். அதன் முதல் அறிக்கையை ஆந்திரே பிரெத்தோன் 1924இல் பாரிசில் வெளியிட்டார். அவ்வியக்கத்தில் சில காலம் இருந்து விலகிய அந்தோனென் ஆர்த்தோ, ஐரோப்பா தீண்டாத தொன்மையைத் தேடி 1936இல் மெக்சிகோவின் தாராஉமாரா மலைகளுக்குச் சென்றார். அம்மக்களிடையே இயேசு சபையினர் 17ஆம் நூற்றாண்டிலேயே மறைப்பணி ஆற்றியிருந்தனர். புனித வாரத்தை அம்மக்கள் முரசொலியோடும் நடனத்தோடும் தமக்கே உரிய முறையில் கொண்டாடுகின்றனர். ஆர்த்தோவோ அங்குக் கண்ட சிலுவைகளையும் தம் மறைபொருள் கோட்பாட்டுக்கு இசையவே விளக்கிக்கொண்டார்.

1938இல் பிரெத்தோனும் மெக்சிகோ சென்றார். சர்ரியலிசத்திற்கென்றே அமைந்த நாடு அது என்று வியந்தார். அங்கு அடைக்கலம் பெற்றிருந்த ட்ரொட்ஸ்கியோடு பயணம் செய்கையில், ஒரு கோவிற் சுவரில் தொங்கிய நேர்ச்சைப் படங்கள் சிலவற்றை அவர் எடுத்துத் தம் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாராம். இதைத் தம் நினைவு நூலில் எழுதியவர் ட்ரொட்ஸ்கியின் செயலாளர் வான் ஹெய்னூர். இறைநம்பிக்கையற்ற ட்ரொட்ஸ்கியே இச்செயலை வெறுத்தார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அப்படங்கள் யாவை? நோயிலோ விபத்திலோ உயிர்தப்பிய எளியவர், தகரத்தின்மேல் அந்நிகழ்ச்சியைத் தீட்டச் செய்து, கீழே தம் பெயரும் நன்றியும் பொறித்து ஆண்டவருக்கோ அன்னைக்கோ அளிக்கும் காணிக்கை. கவிஞரின் கண்ணுக்கு அது விந்தைமிகு கலை; அளித்த தாய்க்கோ பிழைத்தெழுந்த பிள்ளை. அந்நாட்டில் வழிபாட்டுரிமைக்காக மக்கள் குருதி சிந்திய கிறிஸ்தேரோ போர் முடிந்தது 1929இல்தான். அருள்தந்தை மிகேல் புரோ சுட்டுக் கொல்லப்பட்டது 1927இல். அச்சுவர்களில் தொங்கிய நன்றிகளுக்கு எத்தகைய விலை கொடுக்கப்பட்டிருந்தது!

இக்கவிஞர்களை முற்றிலும் பழிப்பது முறையன்று. 1931இல் பாரிசில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியைப் புறக்கணிக்குமாறு துணிந்து அறைகூவல் விடுத்தவர்கள் அவர்களே. ஐரோப்பா இழிவாகக் கருதியதை அவர்கள் உயர்வாகக் கருதினர். ஆயினும் இகழ்ச்சியைப் போலவே புகழ்ச்சியும் பிறரை ஊமையராக்கக் கூடும். பிரெத்தோன் தம் இயக்கத்தைச் சேர்ந்தவராகக் கொண்டாடிய ஓவியர் ஃபிரீடா காலோ, தாம் தீட்டியது கனவையன்று, தம் வாழ்வையே என்று பின்னர் மறுத்துரைத்தார்.

பிற இனத்தாரின் வழிபாட்டைக் காணும்போது நாமும் இருவகையில் தவறுகிறோம்: மூடநம்பிக்கை என்று தள்ளுகிறோம், அல்லது அழகிய காட்சி என்று படம் பிடித்துத் திரும்புகிறோம். இரண்டிலும் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்றே: 'இது உமக்கு என்ன?' அதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவரே அயலாரை அறியத் தொடங்குகிறார்.