முதலில் பொம்மை, பிறகு ஆள்

டோக்கியோவுக்குக் கிழக்கே, சிபா நகரின் கடலோரத்தில் மகுஹாரி மெஸ்ஸே என்றொரு பெரிய கண்காட்சி வளாகம் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று, அங்கே பொம்மைகளுக்கென்றே ஒரு திருவிழா நடக்கும். காலை பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். மாலை ஐந்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெயர் வொண்டர் ஃபெஸ்டிவல். ரசிகர்கள் சுருக்கமாக வொன்ஃபெஸ் என்பார்கள். கூட்டத்தில் குழந்தைகள் குறைவு. முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள் கதவு திறக்கும் முன்பே வந்து வரிசையில் நிற்பார்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். ‘இந்த வயசுல பொம்மையா?’ ஜப்பானிலும் இதே சிரிப்பு உண்டு. அங்கே அது சிரிப்போடு நிற்கவும் இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பொம்மையை எப்படிப் பார்ப்பது என்று முதலில் பேசிவிடலாம். இந்தப் பொழுதுபோக்கின் மேல் விழுந்த பழி எல்லாம், பொம்மையைப் பார்க்காமல் அதை வாங்கியவனைப் பார்த்ததால் வந்ததுதான் என்பது என் முடிவு.

வொன்ஃபெஸுக்குள் நுழைந்தால் பெரிய நிறுவனங்களின் அரங்குகள்தான் முதலில் கண்ணை இழுக்கும். அவற்றைக் கடந்து நடந்துவிடுங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை இன்னும் சில மாதத்தில் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவரப்போகிறவை. திருவிழாவின் உயிர் சாதாரண மடக்கு மேசைகளில் இருக்கிறது. வரிசை வரிசையாகப் போட்ட அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வார நாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள். இரவுகளிலும் விடுமுறைகளிலும் வீட்டில் செதுக்கியதைப் பத்து, இருபது, ஐம்பது என்று வார்த்துக் கொண்டுவந்திருப்பார்கள். இவற்றுக்கு கராஜ் கிட் என்று பெயர். வாங்கினால் கையில் கிடைப்பது முழுப் பொம்மை இல்லை; ஒரு பையில் வண்ணம் பூசாத ரெசின் துண்டுகள். தலை தனி, முடி தனி, கை தனி. மீதி வேலை வாங்கியவருடையது.

மேசையின் முன் நின்றதும் செய்ய வேண்டிய முதல் காரியம், முழங்காலை மடக்குவது. பொம்மையின் கண் உயரத்துக்கு உங்கள் கண் வரட்டும். செதுக்கியவர் அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் மாதக்கணக்கில் வேலை செய்திருப்பார். நின்றபடி மேலிருந்து பார்க்கிறவருக்கு உச்சந்தலையும் தோளும்தான் தெரியும். பார்வை இறங்கியதும் நிற்கும் நிலை புரியத் தொடங்கும். உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது, அதற்கு ஏற்ப இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடுப்புக்கு எதிராகத் தோள் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இது சரியாக அமைந்த பொம்மையை அடிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாலும் அது தானாக நிற்கும் என்றே தோன்றும். அமையாதது ஆணியில் மாட்டியது போல இருக்கும்.

பிறகு சுற்றி வாருங்கள். மேசையைச் சுற்ற முடியாவிட்டால் தலையையாவது இடமும் வலமும் நகர்த்துங்கள். இந்தக் கலையின் கடினமான கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஆஸ்ட்ரோ பாய் என்று நாம் அறிந்த தெசுகா ஒசாமுவின் இரும்புப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தலைமுடியில் கொம்பு போல இரண்டு முனைகள். படத்தில் அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு முனையும் தெரியும். ஒன்று மற்றதை மறைப்பதே இல்லை. காகிதத்தில் இது நடக்கும், களிமண்ணில் நடக்காது. நேர்முகத்துக்குப் பொருந்தும்படி முனைகளை வைத்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது அவன் வேறு யாரோ ஆகிவிடுவான். ஆகவே செதுக்குகிறவர் இரண்டு கோணத்துக்கும் நடுவில், படத்தில் ஒருபோதும் வராத மூன்றாவது உருவம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கிறவர் ‘ஆமாம், இவன்தான்’ என்று சொல்லவும் வேண்டும்.

அனிமே முகங்கள் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். பெரிய கண், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மூக்கு, பக்கவாட்டில் பார்த்தால் கன்னத்துக்கு நகர்ந்துவிடும் வாய். 1995-ல் ‘இவாஞ்சலியன்’ தொடர் வந்த பிறகு அதில் வரும் அயானாமி ரேயைச் செதுக்காத கை இல்லை என்னும் அளவுக்கு வொன்ஃபெஸ் மேசைகளில் அவள் நிறைந்தாள். நீலக் குட்டை முடி, சிவப்புக் கண், எந்த உணர்ச்சியையும் காட்டாத முகம். உணர்ச்சியில்லாத முகத்தைச் செதுக்குவதுதான் மிகக் கஷ்டம். கொஞ்சம் தவறினாலும் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஒரே பாத்திரத்தைப் பத்துப் பேர் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் சலிப்படையாதீர்கள். ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடக் கேட்கும் வாய்ப்பு அது.

வண்ணம் பூசிய மாதிரியையும் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அந்த வேலையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கண் இன்னும் நிதானப்படும். சிலிக்கோன் அச்சிலிருந்து வந்த ரெசினில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைக் கழுவ வேண்டும். அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். உப்புத்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். காற்றுக் குமிழி விட்ட குழிகளை அடைக்க வேண்டும். துண்டுகளுக்குள் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி இணைக்க வேண்டும். பிறகு சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு அடிப்பார்கள். ஒளித்து வைத்த ஒவ்வொரு கீறலும் அந்தச் சாம்பலில் வெளியே வந்துவிடும், மறுபடி தேய்ப்பு.

சிலர் தோல் வரும் இடங்களில் மட்டும் அந்த அடிப்பூச்சைத் தவிர்ப்பார்கள். வெள்ளை ரெசினின் மேல் ஒளி ஊடுருவும் சாயத்தை மெல்லிய படலங்களாக ஏற்றிக்கொண்டே போவார்கள். முழங்கால், விரல் நுனி, காது மடல் ஆகிய இடங்களில் கொஞ்சம் சிவப்பு. வெளிச்சம் உள்ளே போய்த் திரும்புவதால் அந்தத் தோலுக்கு ஒரு ஈரம் வந்துவிடும். கடைசியாகக் கண். லேக்கர் பூச்சின் மேல் எனாமல் வண்ணத்தால் மயிரிழைத் தூரிகை கொண்டு எழுதுவார்கள். எனாமலைக் கரைக்கும் திரவம் கீழே இருக்கும் லேக்கரைத் தொடாது என்பதால், கோணினால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். நகக்கண் அளவு இடத்தில் பார்வை எங்கே போகிறது என்று தீர்மானிக்கிறார்கள். அது எதைப் பார்க்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இன்னொன்றும் தேடிப் பார்க்கத் தக்கது, இணைப்புகள். அச்சைக் கிழிக்காமல் வெளிவர வேண்டும் என்பதற்காகத்தான் பொம்மையைத் துண்டாக்குகிறார்கள். எங்கே வெட்டுவது என்பதில் செய்தவரின் புத்தி தெரியும். சட்டைக் காலர், இடுப்புப் பட்டை, கையுறை விளிம்பு என்று எப்படியும் ஒரு கோடு இருந்தாக வேண்டிய இடங்களில் வெட்டை ஒளித்திருப்பார்கள். இப்போது கணினியில் செதுக்கி முப்பரிமாண அச்சில் எடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். களிமண்காரர்களில் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. நிற்கும் நிலை, முகக் கணக்கு, வெட்டும் இடம் எல்லாம் அங்கேயும் கண்ணாலும் அறிவாலும்தான் வருகின்றன. நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

இந்தத் திருவிழாவில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு: ஒருநாள் உரிமை. ஆஸ்ட்ரோ பாயோ ரேயோ ஒரு நிறுவனத்தின் சொத்து. செதுக்கி விற்க அனுமதி வேண்டும். தனி ஆள் தனித்தனியாகப் போய்க் கேட்டால் எந்த நிறுவனமும் கதவைத் திறக்காது. ஆகவே திருவிழா நடத்துகிறவர்களே நடுவில் நிற்கிறார்கள். செய்தவர் மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கிறார். மாதிரியின் படங்கள் உரிமையாளரிடம் போகின்றன. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் அந்த ஒரு நாள், அந்த ஒரு இடத்தில், சொன்ன எண்ணிக்கையில் விற்கலாம். மாலை ஐந்து மணிக்கு அனுமதி முடிந்துவிடும். விற்காமல் மிஞ்சியதை மறுநாள் விற்க முடியாது. மற்ற இடங்களில் ரசிகர்களும் உரிமையாளர்களும் வழக்கறிஞர் மூலம் பேசிக்கொள்கிற விஷயத்தை இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டால் தீர்த்திருக்கிறார்கள்.

இதைத் தொடங்கியவர்களும் ரசிகர்கள்தான். 1981-ல் ஒசாகாவில் அறிவியல் புனைகதை மாநாடு நடத்திய இளைஞர் கூட்டம், மறுவருஷம் ஜெனரல் புராடக்ட்ஸ் என்ற கடையைத் திறந்தது. 1985-ல் டோக்கியோவில் முதல் வொன்ஃபெஸ் நடந்தது. அதே கூட்டத்திலிருந்துதான் கைனாக்ஸ் நிறுவனமும், பிற்பாடு ‘இவாஞ்சலியன்’ தொடரும் வந்தன. 1992-ல் கையோடோ நிறுவனம் திருவிழாவை எடுத்துக்கொண்டது. கையோடோ 1964-ல் ஒசாகா அருகே மோரிகுச்சியில் ஒரு சின்ன மாதிரிப்பொம்மைக் கடையாகத் தொடங்கியது. நூடுல்ஸ் கடையா, பொம்மைக் கடையா என்று முடிவு செய்ய நிறுவனர் மியாவாகி ஒசாமு மரவாளை நிறுத்தி வைத்து, அது விழுந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அவர்களே கதை சொல்வார்கள். 2008 ஆகஸ்டில், அப்போது விழா நடந்துகொண்டிருந்த டோக்கியோ பிக் சைட்டில் கூட்டத்தோடு மேலே போன மின்படிக்கட்டு பின்னோக்கி இறங்கிப் பலர் காயப்பட்டார்கள். அடுத்த குளிர்கால விழா நடக்கவில்லை; 2009 கோடையில் மகுஹாரிக்கு மாறியது.

இனி அந்தப் பழியின் கதை. 1989-ல் டோக்கியோ பக்கம் நான்கு சிறுமிகளைக் கொன்றவன் பிடிபட்டான். வீடியோ நாடாக்கள் கூரைவரை அடுக்கிய அவன் அறையைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் திரும்பத் திரும்பக் காட்டின. அன்றிலிருந்து, இத்தகைய ரசிகர்களைக் குறிக்கும் ‘ஒட்டாகு’ என்ற சொல்லைச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொள்ளும் நிலை வந்தது. பொம்மை வாங்கியவர்கள் அதை அலமாரிக்குள் பூட்டினார்கள். 2004 நவம்பரில் நாராவில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது, யாரும் கைதாவதற்கு முன்பே, இது பொம்மை சேர்ப்பவர்களின் மனப்போக்கு என்று ஒரு பிரபல பத்திரிகையாளர் தொலைக்காட்சியில் பேசி, அவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார். டிசம்பர் கடைசியில் பிடிபட்டவன் பொம்மை சேர்ப்பவனே இல்லை. பட்டப்பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அதே இலையுதிர் காலத்தில் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் ஜப்பானிய அரங்கு முழுவதும் இந்த ரசிகர் உலகத்தைப் பற்றியதாக இருந்தது. செதுக்கிய பொம்மை உட்பட. அதற்கு முந்தைய வருஷம், ஓவியர் முராகாமி தகாஷி கையோடோவின் போமே என்ற சிற்பியோடு சேர்ந்து செய்த ஆளுயரப் பொம்மை ‘மிஸ் கோ2’ நியூயார்க்கில் 5,67,500 டாலருக்கு ஏலம் போனது. இந்த விலையைக் காட்டி மரியாதை கேட்பதில் எனக்கு விருப்பமில்லை. ஏலத்தில் போகாத, ரெசின் பையில் கிடக்கிற பொம்மைக்கும் அதே உழைப்புதான்.

மக்கள் மனசை மெல்ல மாற்றியது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். 1999-ல் ஃபுருதா என்ற மிட்டாய் நிறுவனம் சாக்லேட் முட்டைக்குள் கையோடோவின் சின்ன விலங்குகளை வைத்தது. மட்சுமுரா ஷினோபு செதுக்கிய ஜப்பானிய நாட்டு விலங்குகள். கட்டைவிரல் அளவுப் பிராணியில் எலும்பின் ஓட்டம் தெரியும். அலுவலகக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி மேசை மேல் வரிசை வைத்தார்கள். ஒளித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் ஆளைப் பற்றிக் கேட்கும் முன் விலங்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

ஜப்பானில் மார்ச் 3 அன்று வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் ஹினா பொம்மைகளை அடுக்குகிறார்கள். நம் வீட்டு நவராத்திரிக் கொலு மாதிரியேதான். வருஷம் ஒரு பொம்மை புதிதாக வாங்கிச் சேர்க்கும் பாட்டியை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வதில்லை. பண்டிகையின் துணை இருந்தால் பொம்மைக்கு மரியாதை கிடைத்துவிடுகிறது. தனியாக ஒருவர் தன் ஆசைக்கு வாங்கினால்தான் கேள்வி வருகிறது.

எல்லாவற்றையும் ரசித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வொன்ஃபெஸில் பெண் உடம்பை மட்டுமே குறிவைத்துச் செய்தவையும் ஏராளம். பிடிக்காவிட்டால் அடுத்த மேசைக்குப் போங்கள். அப்படி ஒன்றைப் பார்த்ததற்காக ஆயிரம் மேசையையும் தள்ளிவிடாதீர்கள். வாங்கியதைப் பிரிக்காமல் அன்றே மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மகுஹாரி போக முடியாதவர்கள் ஜப்பான் பயணத்தில் கொச்சி மாநிலத்து மலைப்பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஷிமாந்தோ ஆற்றுப்பக்கம், மூடிய பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் 2011 முதல் கையோடோவின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கூட்டம் நெருக்காது. ஒரு பொம்மை முன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முழங்காலை மடக்கி நிற்கலாம்.

மகுஹாரிக்கே போகிறவர்களுக்குச் சில சொற்கள். சில்லறையாக ஆயிரம் யென் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள், தொடாதீர்கள். காலை நெரிசலில் பேச நேரமிருக்காது. பிற்பகலில் பல மேசைகளில் ‘விற்றுத் தீர்ந்தது’ அட்டை தொங்கும். காட்சி மாதிரி மட்டும் நிற்கும். செய்தவர் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். வாங்க ஒன்றுமில்லாத அந்த மேசைக்குப் போங்கள். மொழி தெரியாவிட்டால் கைபேசி மொழிபெயர்க்கும். ‘இதில் எந்த இடம் உங்களைப் படுத்தியது?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். அநேகமாக நீங்கள் கவனிக்காத ஓர் இடத்தைத்தான் விரலால் காட்டுவார்: காதுக்குப் பின்னால் முடி பிரியும் இடம், செருப்பு வார் காலில் அழுந்தும் இடம். மறுபடி குனிந்து அதைப் பாருங்கள். அதற்குப் பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பாருங்கள்.