கிளவுஸும் தூரிகையும்

அடிலெய்டில் 2018 டிசம்பரில் ரிஷப் பந்த் ஒரே டெஸ்டில் 11 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்த வரிசையில் அவருக்கு முன்பே இருவர் நின்றிருந்தார்கள். ஏபி டிவில்லியர்ஸ் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். இன்னொருவர் இங்கிலாந்தின் ஜாக் ரஸ்ஸல். விக்கெட் கீப்பர், ஓவியர்.

மழை வந்து ஆட்டம் நின்றால் வீரர்களுக்குப் பொழுது போகாது. 1980களின் பிற்பகுதியில், குளோஸ்டர்ஷயர் அணியின் ரஸ்ஸல் அந்த ஓய்வு நேரங்களில் பென்சிலைக் கையில் எடுத்தார். பிறகு வாட்டர்கலர், ஆயில் என்று வளர்ந்து, சொந்தமாக ஓவியக் கூடமே திறந்தார்.

அவருக்கு அந்தத் துணை தேவைப்பட்டது. 1991 ஜனவரி சிட்னி டெஸ்டில் கிளாட்ஸ்டன் ஸ்மாலின் வேகத்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று, லெக் சைடில் போன பந்தைப் பிடித்து டீன் ஜோன்ஸை ஸ்டம்பிங் செய்தார். பேட்ஸ்மேனின் உடம்பு பந்தை மறைக்கும் பக்கம் அது. கீப்பிங்கில் அதைவிடக் கடினமான வேலை கிடையாது. அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை! பேட்டிங்கில் பலமான அலெக் ஸ்டூவர்ட்டிடம் கிளவுஸ் போனது. ரஸ்ஸலின் டெஸ்ட் சராசரி 27.10. அந்தப் பத்தாண்டு முழுக்க அவரை எடுப்பதும் கழற்றிவிடுவதுமாகவே இருந்தார்கள் தேர்வாளர்கள். கேன்வாஸ் முன்னால் சராசரி கேட்க ஆளில்லை.

ஆனால் ஓவியம் அவருக்கு வெறும் ஆறுதல் என்று முடித்துவிட முடியாது. ஒரு நாளில் 90 ஓவர் என்றால் 540 பந்துகள். அவற்றில் பெரும்பாலானவை கீப்பரிடம் வருவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் தன்னிடம்தான் வரும் என்று குனிந்து காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஒரே காட்சியைப் பார்த்தும் கண் சலிக்காமல் இருப்பது கீப்பருக்கும் ஓவியருக்கும் பொதுவான பயிற்சி. ஒன்று மற்றொன்றுக்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு.

அந்தப் பொறுமையைக் காட்டிய ஆட்டம் 1995 ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட். 11 கேட்ச் பிடித்ததும் அங்கேதான். கடைசி நாளில் 479 என்ற எட்டாத இலக்கின் முன் இங்கிலாந்து 232 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்திருந்தது. மைக்கேல் ஆதர்ட்டனுடன் சேர்ந்த ரஸ்ஸல், தென்னாப்பிரிக்காவின் வேகப்பந்து வீச்சாளர்கள் டொனால்டையும் பொல்லாக்கையும் சமாளித்து 274 நிமிடம் நின்றார். 235 பந்தில் 29 நாட் அவுட். ஸ்கோர்கார்டில் படித்தால் கைதட்டத் தோன்றாத எண்தான். 643 நிமிடம் ஆடி 185 எடுத்த ஆதர்ட்டனுக்குப் புகழ் போனது, அதில் தவறில்லை. ஆனால் ரஸ்ஸல் சாய்ந்திருந்தால் ஆட்டம் டிராவில் முடிந்திருக்குமா?

1998-இல் ஆன்டிகுவாவில் கடைசி டெஸ்ட். கவுன்டியில் மட்டும் அவர் மதிப்பு குறையவில்லை. 1999, 2000 ஆண்டுகளில் குளோஸ்டர்ஷயர் ஒருநாள் கோப்பைகளை அடுத்தடுத்து அள்ளியபோது, மிதவேகப் பந்துக்கும் ஸ்டம்பை ஒட்டி நின்று பேட்ஸ்மேன்களைக் கிரீஸுக்குள் கட்டிப்போட்டார். 2004-இல் முதுகுவலி ஆட்டத்தை நிறுத்தியது. அதன்பின் முழுநேர ஓவியர்: கிரிக்கெட் மைதானங்கள், பழைய கட்டடங்கள், போர் வரலாற்றுக் காட்சிகள்.