கால்புள்ளிக்கும் ஓசை உண்டு

கர்நாடக இசையின் ஸ்வரக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்க் குறில், நெடிலே. ‘ஸ’ என்றால் ஓர் அட்சரம், அதாவது தாளத்தின் ஓர் அலகு; ‘ஸா’ என்றால் இரண்டு. இன்னும் நீட்ட வேண்டுமா, ஒரு கால்புள்ளி போதும்; அது ஓர் அட்சரம். அரைப்புள்ளி இரண்டு. எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மேல்ஸ்தாயி, காலடியில் வைத்தால் கீழ்ஸ்தாயி. மேலே ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிக்கும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை நான்கு, இரண்டு, இரண்டாகப் பிரிக்க ஒற்றைக் கோடுகள். தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஆவர்த்தனம், முடிந்ததும் இரட்டைக் கோடு. ஓர் ஏழை அச்சகம்கூட இதைக் கோத்துவிடலாம்!

வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துத் தேவாலயங்களில் இந்த மரபும் மேற்கத்திய மரபும் அருகருகே வாழ்கின்றன. தமிழ்க் கீர்த்தனைகளின் தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும். நான்கு குரல் பாட்டுக்கோ மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறியீடு அல்லது ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சோல்ஃபா. சோல்ஃபாவில் முக்காற்புள்ளி தாள அடிகளைப் பிரிக்கும், சிறுகோடு ஒலியை நீட்டும். ‘பியானோ’ என்றால் மெல்ல, ‘ஃபோர்ட்டே’ என்றால் உரக்க. குரலின் அளவைத் தாளிலேயே சொல்லும் இந்த வழக்கம் நம் ஸ்வரப் புத்தகங்களுக்கும் வரவேண்டும் என்பேன்.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை எழுதுவதுதான் கடினம். சின்னசாமி முதலியார் 1893இல் நம் கிருதிகளை ஐரோப்பியக் குறியீட்டில் அச்சிட்டார். சுப்பராம தீட்சிதரோ 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில், ஒவ்வொரு அசைவுக்கும் தனிக்குறி வைத்தார். ஆனாலும் அதைப் பார்த்துப் பாட, அந்த அசைவுகளை முதலில் குருவின் தொண்டையில் கேட்டிருக்க வேண்டும்.